மாத்திரைப் பட்டையின் பின்பக்கம்: தமிழ்நாட்டின் மருந்துக் கொள்முதல் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

என் அம்மாவின் பையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, டேப் ஒட்டிய நோட்டு. மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அதில் ஒரு வரி கூடும்: தேதி, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, கடைசியில் மருந்தாளுநரின் எழுத்தில் மாத்திரைக் கணக்கு. அம்லோடிபின் 30, மெட்ஃபார்மின் 60. ஒன்பது ஆண்டு வரிகள் இருக்கின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் பிரஷர் மாத்திரைக்கோ சுகர் மாத்திரைக்கோ அவர் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. பட்டையைத் திருப்பினால் பின்பக்கத்தில் அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும்.

இந்தப் பட்டை மருந்து கொடுக்கும் அந்த ஜன்னல்வரை எப்படி வந்து சேருகிறது, எந்த இடத்தில் வராமல் போகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவச் செலவு என்றதும் நம் பேச்சு உடனே அறுவை சிகிச்சைக்கும் காப்பீட்டு அட்டைக்கும் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இரண்டும் ஏராளமான குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கின்றன. ஆனால் காப்பீடு படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான். வீட்டிலிருந்தபடி ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியவருக்கு அந்த அட்டையால் பயனில்லை. தேசிய மாதிரி ஆய்வுகள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறும் குடும்பம் கையிலிருந்து கொடுக்கும் பணத்தில் மிகப் பெரிய பங்கு மருந்துக்கே போகிறது. மாதம் சில நூறு ரூபாய்தானே என்று தோன்றும். சம்பளம் வாங்கும் வீட்டில் அது சில நூறு. கூலி வீட்டில் முதலில் வெட்டப்படும் செலவு அதுதான், ஏனென்றால் ஒருநாள் மாத்திரை போடாவிட்டால் உடம்பு ஒன்றும் சொல்வதில்லை.

1994-க்கு முன்

அப்போதும் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான், இருந்தால். ஆயிரத்துக்குச் சற்றே குறைவான வகை மருந்துகள் கொள்முதல் பட்டியலில் இருந்தன. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் வாங்கப்பட்டது. எந்த நிலையத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. மேலிருந்து அனுப்பியதைக் கீழே இறக்கிக்கொண்டார்கள். ஓரிடத்தில் இருமல் மருந்து தேங்கிக் காலாவதியாகும், அடுத்த ஊரில் நாய்க்கடி ஊசி இருக்காது. மருந்து கொடுத்த நிறுவனங்களுக்குப் பணம் எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. அதனால் தாமதத்தையும் சேர்த்தே விலை சொன்னார்கள். நல்ல பெயருள்ள நிறுவனங்கள் பல இந்தப் பக்கமே வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் மருந்துக் கொள்முதல் முறைகேடுகள் வெளியே வந்து அரசுக்குப் பெரிய அவப்பெயர் ஏற்பட்டது.

அந்த அவப்பெயரில் பிறந்ததுதான் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994 ஜூலை 1 அன்று, முழுக்க மாநில அரசுக்குச் சொந்தமான நிறுவனமாக, கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பதிவானது. 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. இந்திய ஆட்சிப் பணி அதிகாரியான பூர்ணலிங்கம் அதன் முதல் நிர்வாக இயக்குநராக இருந்து வேலைமுறையை வடிவமைத்தார். ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கியதை 1996-ல் வந்த திமுக ஆட்சி கலைக்கவில்லை. முந்தைய ஆட்சியின் திட்டம் என்ற ஒரே காரணத்துக்காக எத்தனையோ நல்ல ஏற்பாடுகள் கைவிடப்பட்ட மாநிலத்தில், முப்பது ஆண்டுகளாக இரு தரப்பும் கைவைக்காமல் விட்ட ஏற்பாடு இது. எனக்கு இது மிகவும் மதிப்புக்குரிய செய்தியாகப் படுகிறது.

பட்டியல், டெண்டர், பாஸ்புக்

முதலில் பட்டியலைச் சுருக்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1977-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருந்தது. அந்த வழியில் மாநிலத்தின் பட்டியல் ஏறத்தாழ 240 மருந்துகளாகக் குறைக்கப்பட்டது. எல்லாம் மூலப்பெயரில், வணிகப் பெயர் எதுவுமில்லை. வகை குறைந்தால் ஒவ்வொன்றிலும் வாங்கும் அளவு கூடும், அளவு கூடினால் பேரம் பேசும் பலம் கூடும். மளிகைக் கடையில் மூட்டையாக வாங்குகிறவருக்கும் பொட்டலமாக வாங்குகிறவருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அடுத்தது டெண்டர். இரண்டு உறைகள். முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி: உற்பத்தித் தரச் சான்று, சந்தையில் எத்தனை ஆண்டு அனுபவம், ஆண்டு விற்பனை எவ்வளவு. இதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். இடைத்தரகர்களுக்கு அனுமதியில்லை, உற்பத்தியாளரே நேரடியாக வர வேண்டும். குறைந்த விலை சொன்னவரின் விலைக்கு மற்றவர்களும் இறங்கி வந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஒருவரிடமே மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு அது வழி.

இப்படி வாங்கியபோது விலை விழுந்த வேகம் நம்ப முடியாதது. அம்லோடிபின் போன்ற ஒரு சாதாரண பிரஷர் மாத்திரையைக் கழகம் பைசாக் கணக்கில் வாங்கியது. அதே மாத்திரை கடையில் ரூபாய்க் கணக்கில் விற்றது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் 1972-ல் நடைமுறைக்கு வந்தபின் இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிப்பு முறைக்கு மட்டுமே உண்டு என்ற நிலை 2005 வரை இருந்தது. அதனால் ஒரே மருந்தைத் தயாரிக்கும் நிறுவனங்கள் டஜன் கணக்கில் வளர்ந்தன. அவற்றுக்குள் உண்மையான போட்டியை உண்டாக்கினால் விலை, தயாரிப்புச் செலவை ஒட்டி வந்து நிற்கும். கடை விலையில் மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, விற்பனைப் பிரதிநிதி, விளம்பரம் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கழகம் அவர்களையெல்லாம் தாண்டிப் போய்த் தொழிற்சாலை வாசலில் நின்றது. அதோடு, தரப் பரிசோதனை முடிந்ததும் காலதாமதமின்றிப் பணம் கொடுத்தது. சொன்ன நாளில் பணம் வரும் என்று தெரிந்தால் விற்கிறவர் விலையைக் குறைப்பார். சந்தைக்குக் காய் கொண்டுபோன எந்த விவசாயியைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வங்கிப் பாஸ்புக் போல ஒன்று கொடுக்கப்பட்டது. இந்த ஆண்டு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்க உங்களுக்கு உரிமை என்று அதில் இருக்கும். மாவட்டக் கிடங்குக்கு இன்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், கொண்டுபோய் மருந்து எடுத்தால் அதன் மதிப்பைக் கழித்து மீதியை எழுதிக் கொடுப்பார்கள். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை நிலையத்தின் மருத்துவரே முடிவு செய்யலாம். பாம்புக்கடி அதிகமுள்ள ஊர் விஷமுறிவு மருந்தை அதிகம் எடுக்கும், சர்க்கரை நோயாளிகள் அதிகமுள்ள ஊர் மெட்ஃபார்மினை. மேலிருந்து தள்ளிவிடும் முறை போய்க் கீழிருந்து கேட்டு வாங்கும் முறை வந்தது. மருந்து நிதியில் பெரும்பகுதி கழகத்தின் வழியாகப் போக, சுமார் பத்தில் ஒரு பங்கு அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ள மருத்துவமனைகளிடமே விடப்பட்டது. எடுத்த மருந்தெல்லாம் கணினியில் ஏறியதால், எந்தக் கிடங்கில் எது குறைகிறது என்பதைச் சென்னையில் உட்கார்ந்தே பார்க்க முடிந்தது. தொண்ணூறுகளின் நடுவில், பல அரசு அலுவலகங்கள் தட்டச்சுப் பொறியோடு இருந்த காலத்தில் இதைச் செய்தார்கள்.

‘கவர்மெண்ட் மாத்திரை கேட்காது’

ஊரில் இந்தப் பேச்சு இன்னும் இருக்கிறது. விலை குறைந்தால் தரமும் குறையும் என்ற எண்ணம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கிடங்குக்கு வந்திறங்கிய மருந்து உடனே நோயாளிக்குப் போய்விடாது. தனியாக ஒதுக்கி வைக்கப்படும். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, உற்பத்தியாளரின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டு, அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று அந்தக் கூடத்துக்குத் தெரியாது. தேறினால்தான் ஒதுக்கி வைத்த பெட்டிகள் வழங்கலுக்குப் போகும். தேறாத மருந்து திரும்பிப் போகும், தவறு தொடர்ந்தால் நிறுவனம் கறுப்புப் பட்டியலில் ஏறும். மாத்திரைகள் பட்டையிலும் பெட்டியிலும் அரசு முத்திரையோடு வருவதால், வெளியே கொண்டுபோய் விற்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

நம் தெருமுனை மருந்துக் கடை எந்த மாத்திரையையும் தொகுதி தொகுதியாகச் சோதனைக்கு அனுப்பி வாங்குவதில்லை. மருந்து ஆய்வாளர்கள் அவ்வப்போது எடுக்கும் மாதிரிகள்தான் அங்கே காவல். அரசு மாத்திரையைச் சந்தேகப்பட்டுக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உண்மையில் குறைவாகச் சோதிக்கப்பட்ட மாத்திரையைத்தான் அதிக விலைக்கு வாங்குகிறார்கள். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பது சுகாதாரத் துறையின் மிகப் பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

பீகாரோடு வைத்துப் பார்த்தால்

ஒரு ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறதா என்று தெரிய, அது இல்லாத இடத்தையும் பார்க்க வேண்டும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுகாதாரப் பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டையும் பீகாரையும் ஒப்பிட்டார்கள். அப்போது பீகாரில் மாநில அரசு விலையை மட்டும் நிர்ணயிக்கும், வாங்குவது மாவட்டங்களின் பொறுப்பு. மாநிலக் கிடங்கு வலையோ பாஸ்புக்கோ இல்லை. ஆய்வுக்குழு போன நாளில், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த அத்தியாவசிய மருந்துகளில் எவ்வளவு அலமாரியில் இருந்தது என்று பார்த்தார்கள். பீகாரில் சுமார் 43 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 88 சதவீதம்.

தமிழ்நாடு ஒன்றும் பீகாரைப்போல் இரண்டு மடங்கு நல்ல மனிதர்கள் வாழும் இடமல்ல. அங்கும் அர்ப்பணிப்புள்ள மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் இருக்கிறார்கள். வாங்கும் முறையில்தான் வித்தியாசம் இருந்தது. பிறகு பீகாரும் தனியாக ஒரு கழகத்தை அமைத்தது. கேரளம் 2008 முதல் தன் கழகத்தின் வழியாக மருந்து வழங்குகிறது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்தநாளில், அரசு மருத்துவமனைக்கு வரும் எல்லோருக்கும் இலவச மருந்து என்று அறிவித்தபோது அதன் அடித்தளம் தமிழ்நாட்டு மாதிரிதான். லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி 2011-ல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வும், குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட இடங்கள் என்று தாய்லாந்து, வங்கதேசம், எத்தியோப்பியா, கிர்கிஸ்தான் ஆகிய நாடுகளோடு தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டது.

ஆனால் அதே பீகார்–தமிழ்நாடு ஒப்பீட்டில் இன்னொரு எண் இருக்கிறது. மேடைகளில் அதை யாரும் சொல்வதில்லை. மருந்து இல்லாமல் போகும் நிலை பீகாரில் சராசரியாக 42 சதவீதம், ஒவ்வொரு முறையும் சுமார் 105 நாள் நீடித்தது. தமிழ்நாட்டில் சுமார் 17 சதவீதம், சுமார் 50 நாள்.

பீகாரைவிட எவ்வளவோ மேல்தான். ஆனால் 50 நாளை ஒரு சர்க்கரை நோயாளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். கிடங்குக் கணக்கில் 50 நாள் என்பது ஒரு கொள்முதல் ஆணை தாமதமானது, அவ்வளவுதான். நோயாளிக்கு அது இரண்டு மாதச் சீட்டு. அவருக்கு மருந்துச் சீட்டில் ‘வெளியே’ என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்த ஒரு சொல்லில் முப்பது ஆண்டு உழைப்பு அத்தனையும் அந்த மனிதருக்கு இல்லாமல் போகிறது.

பைசா மாத்திரைக்கு ஒருநாள் கூலி

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போகும் பங்கு எவ்வளவு என்று தேசிய சுகாதாரக் கணக்குகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. நாடு முழுவதற்கும் 2013–14-ல் 64.2 சதவீதமாக இருந்தது 2021–22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்கிறது அந்தக் கணக்கு. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கணக்கில், மாத்திரை வாங்கப் போனதால் போன கூலி சேராது.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பிரஷர் உண்டு. நூறு நாள் வேலைக்குப் போகிறார். 2024–25-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். காலையில் வேலைத்தளத்தில் போட்டோ எடுக்கும்போது இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிச் சீட்டு கொடுப்பதும் காலையில்தான். செவ்வாய் கர்ப்பிணிகளுக்கான நாள், புதன் தடுப்பூசி நாள், அன்றெல்லாம் கூட்டம் இன்னும் அதிகம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது அவருக்குப் பெரிய உதவி. ஆனால் அந்தப் பேருந்து எங்கள் ஊருக்குள் வருவதில்லை, ஷேர் ஆட்டோ பிடித்துத்தான் பேருந்து நிறுத்தத்துக்கே போக வேண்டும். அரசு சில ரூபாய்க்கு வாங்கிய ஒரு மாத மாத்திரையைக் கையில் வாங்க அக்கா அன்றைய கூலியையும் ஆட்டோ காசையும் இழக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் போகிறார். நடுவில், “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, தம்பி” என்கிறார்.

இது அவர் ஒருவரின் கதையாக இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றா நோய்கள் குறித்த கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தமும் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயும் இருப்பதாகக் கண்டது. இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரையில் 10.8 சதவீதம். நாட்டிலேயே மிகச் சிறந்த மருந்துக் கொள்முதல் என்று பெயரெடுத்த மாநிலத்தில், பைசா விலைக்கு வாங்கிய மாத்திரை பெரும்பாலான நாட்களில் அலமாரியில் இருக்கும் மாநிலத்தில், பிரஷர் உள்ள நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது. முதல்முறை இந்த எண்ணைப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பலருக்கு நோய் இருப்பதே தெரியாது என்பது ஒரு காரணம். தெரிந்தும் மாத்திரையைத் தொடராதவர்கள் இன்னொரு பெருங்கூட்டம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. திட்டத்தின் நோக்கத்தை மனமார ஆதரிக்கிறேன். எங்கள் தெருவுக்கு வரும் பெண் வெயிலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர் கொண்டுவரும் மாத்திரையும் அதே கிடங்கிலிருந்து, அதே இன்டென்டில்தான் வர வேண்டும். கிடங்கில் இல்லாததை வாசலில் கொடுக்க அவரால் முடியாது. அதனால் மருந்து இல்லாமல் போகும் அந்த 17 சதவீதத்தை மறந்துவிட்டு வீட்டு வாசல் சேவையை மட்டும் பேசுவது சரியாகாது.

எண்ணப்படாத ஒன்று

இந்த முழு அமைப்பிலும் ஒரே ஒரு விஷயம் எண்ணப்படவில்லை என்பது என் கருத்து. கிடங்கில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று கழகத்துக்குத் தெரியும். நிலையம் எத்தனை எடுத்தது என்று பாஸ்புக்குக்குத் தெரியும். மருத்துவர் 30 எழுதி ஜன்னலில் 15 கொடுத்தார்கள் என்றால், அந்தக் குறைந்த 15 எங்கே பதிவாகிறது? நிலையத்தின் கணக்கில் 15 மாத்திரை வழங்கப்பட்டது என்று மட்டும் ஏறும். கேட்டது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் ஜன்னலிலேயே பதிந்து, அந்த வித்தியாசத்தை மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிட்டால், அடுத்த தட்டுப்பாடு கிடங்கில் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். முப்பது ஆண்டுக்கு முன்பே எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிய கழகத்துக்கு இது பெரிய வேலையில்லை. நோயாளி ஒருவருக்குத் தொடர்ந்து மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கவும் அப்போதுதான் துணிவு வரும். இருப்பு நிச்சயமில்லாத இடத்தில் எந்த மருந்தாளுநரும் ஒருவருக்கே 90 மாத்திரையைத் தூக்கிக் கொடுக்க மாட்டார், அது அவர் தவறுமல்ல.

போன ஆண்டு ஒரு மாதம் அம்மாவுக்கு நடந்தது அதுதான். அம்லோடிபின் 30 என்று மருத்துவர் எழுதியிருந்தார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த மருந்தாளுநர் பட்டையை எடுத்து, கத்தரியால் சரியாகப் பாதியில் வெட்டினார். “ஸ்டாக் குறைவாக இருக்கிறது அம்மா, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கிறேன். பதினைந்து நாள் கழித்து வந்து மீதியை வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. நோட்டில் 15 என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிறு வட்டம் போட்டார்.

நோட்டின் அடுத்த வரி பதினைந்து நாள் கழித்து இல்லை. சரியாக ஒரு மாதம் கழித்துத்தான் இருக்கிறது. அதில் இரத்த அழுத்தம் 170/100. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதியிருக்கிறார். அந்த 15 மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டதை அம்மா அவரிடம் சொல்லவில்லை. என்னிடமும் பல வாரம் கழித்து, நோட்டைப் புரட்டிக்கொண்டே நான் கேட்டபோதுதான் சொன்னார்.